ஸ்டான் வாவ்ரிங்கா: அந்த இன்னொரு சுவிஸ் வீரரைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுவிட்சர்லாந்து டென்னிஸ் என்றால் பெடரர், அதோடு பேச்சு முடிந்தது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அதே நாட்டில், அதே காலத்தில் ஆடி மூன்று கிராண்ட்ஸ்லாம் (ஆண்டின் நான்கு பெரிய போட்டிகளுக்கு அந்தப் பெயர்) வென்ற இன்னொருவரைப் பற்றி நண்பர்களும் வாசகர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே நீளத்தில் பதில் வராது. சில விஷயங்களில் எனக்கே பேச்சு நீண்டுவிடும்.

சுருக்கமாகச் சொன்னால், யார் இவர்?

1985 மார்ச் 28 அன்று லோசானில் பிறந்தவர். 2002-இல் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தார். ஒற்றையரில் 16 பட்டங்கள். அவற்றில் 2014 ஆஸ்திரேலிய ஓபன், 2015 பிரெஞ்சு ஓபன், 2016 அமெரிக்க ஓபன் ஆகிய மூன்றும் கிராண்ட்ஸ்லாம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பெடரருடன் சேர்ந்து இரட்டையர் தங்கம், 2014-இல் நாடுகளுக்கு இடையிலான டேவிஸ் கோப்பை. தரவரிசையில் எட்டிய உயரம் 3. சென்னையில் நான்கு முறை சாம்பியன்.

ஸ்டானிஸ்லாஸா, ஸ்டானா?

முழுப்பெயர் ஸ்டானிஸ்லாஸ். 2014-இல், இனி எல்லாப் பட்டியலிலும் ஸ்டான் என்றே போடுங்கள் என்று அவரே கேட்டு மாற்றிக்கொண்டார். குடும்பப்பெயரின் வேர் செக் நாட்டுப் பக்கம். 'ஸ்டானிமல்' என்பது பெடரர் வைத்த செல்லப்பெயர். ஆளைப் பார்த்தால் பொருத்தம் புரியும்: அகன்ற தோள், தடித்த கால், கோட்டுக்கு வெகு பின்னால் நின்று மரம் வெட்டுவது போன்ற வீச்சு.

எங்கே வளர்ந்தார்? பணக்காரக் குடும்பமா?

லோசானுக்கு வடக்கே சான்-பார்தலமி என்ற சின்ன ஊர். அங்கே ஒரு பண்ணையில் மனவளர்ச்சிக் குறைபாடும் மனநலச் சிக்கலும் உள்ளவர்களுக்கு வேலையும் தங்குமிடமும் கொடுத்து வந்தார்கள்; அவருடைய பெற்றோர் அந்தப் பண்ணையில்தான் இருந்தார்கள். மாடு, வயல், டிராக்டர் என்று வளர்ந்த பிள்ளை. ஒரு அண்ணன், இரண்டு தங்கைகள். டென்னிஸ் கிளப்பில் பிறந்து வளர்ந்தவர் மாதிரி அவர் நடை இருக்காது. கோர்ட்டில் அவர் நடப்பதைக் கவனியுங்கள், வேலை முடித்து வீடு திரும்புபவர் போல இருக்கும்.

டென்னிஸுக்கு எப்படி வந்தார்?

எட்டு வயதில் மட்டை பிடித்தார். அப்போது வாய்த்த பயிற்சியாளர் டிமிட்ரி ஸவியாலோஃப். 2010 வரை அதே ஆள்! சிறுவர் வகுப்பில் தொடங்கி உலகின் முதல் பத்துக்குள் போகும் வரை ஒரே பயிற்சியாளரோடு இருப்பது இந்த ஆட்டத்தில் அபூர்வம். 15 வயதில் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டு அஞ்சல் வழியில் படித்தார். 2003-இல் பிரெஞ்சு ஓபன் ஜூனியர் பட்டம். அதன் பிறகு எல்லோரும் எதிர்பார்த்த வேகம் மட்டும் வரவில்லை.

அந்த ஒற்றைக் கை பேக்ஹேண்டில் அப்படி என்னதான் இருக்கிறது?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதலாம் என்று தோன்றியது.

சின்ன வயதில் பேக்ஹேண்டை, அதாவது இடப்பக்கம் வரும் பந்தை, அவரும் எல்லாப் பிள்ளைகளையும் போல இரண்டு கையால்தான் அடித்துக்கொண்டிருந்தார். பயிற்சியாளர் சொல்லித்தான் ஒற்றைக் கைக்கு மாறினார். ஒற்றைக் கையின் பெரிய பலவீனம், தோள் உயரத்துக்கு எழும் பந்து. இடதுகைக்காரரான நடால் பல வருடம் பெடரரின் பேக்ஹேண்டுக்கு அந்தப் பந்தையே திரும்பத் திரும்ப அனுப்பி வதைத்தார். பந்து உயர எழுந்தால் ஒற்றைக் கைக்காரர் வெட்டி அனுப்ப வேண்டும், அல்லது பின்வாங்க வேண்டும்.

வாவ்ரிங்கா பின்வாங்குவார். ஆனால் பின்வாங்கியதும் அவருக்கு நேரம் கிடைக்கிறது. முதுகு எதிராளிக்குத் தெரியும் அளவுக்கு உடம்பைத் திருப்புவார். இடது கை மட்டையின் கழுத்தைப் பிடித்திருக்கும். அடிக்கும்போது இரண்டு கையும் எதிரெதிர்த் திசையில் விரியும். அதில் மணிக்கட்டு விளையாட்டு எதுவும் கிடையாது, முழு வேலையும் தோளும் முதுகும் செய்கின்றன. அதனால்தான் அவரால் தோள் உயரப் பந்தையும் பளாரென்று அடிக்க முடிந்தது.

அடுத்து, எங்கே அடிக்கிறார் என்பது. பேக்ஹேண்டை மூலைக்கு மூலை அடிப்பது பாதுகாப்பானது. பந்து போக நீளம் அதிகம், வலையின் நடுவே உயரம் 3 அடிதான். கோட்டை ஒட்டி நேராக அடித்தால் நீளம் குறையும், வலையும் ஓரத்தில் மூன்றரை அடி. அந்த அரை அடியிலும் குறைந்த நீளத்திலும்தான் பெரும்பாலோர் மாட்டிக்கொள்வார்கள். வாவ்ரிங்கா நான்கைந்து பந்தை மூலைக்கு மூலை அனுப்பி எதிராளியை அங்கேயே பழக்கிவிட்டு, திடீரென்று நேராக அடிப்பார். எதிராளி பெரும்பாலும் ஓடக்கூட மாட்டார், பந்து போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அந்தப் பந்து அடிபடும் சத்தமே வேறு. நுங்கம்பாக்கத்தில் மேல் வரிசையில் உட்கார்ந்திருந்தபோதுகூட, கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் இது அவர் அடித்தது என்று சொல்லிவிடலாம்.

குறை இல்லையா என்றால், இருக்கிறது. இத்தனை பெரிய வீச்சுக்கு நேரம் வேண்டும். பந்து தாழ்வாக, வேகமாகச் சறுக்கி வந்தால் தடுமாறுவார். சர்வீஸை எதிர்கொள்ளும்போது பல சமயம் வீசவே மாட்டார், மட்டையைக் காட்டி ஆழமாகத் தள்ளிவிட்டு ஆட்டத்தைத் தொடங்குவார்.

28 வயது வரை என்ன செய்துகொண்டிருந்தார்?

நன்றாகத்தான் ஆடிக்கொண்டிருந்தார், ஆனால் பெடரரின் நிழலில். 2006-இல் குரோஷியாவின் உமாக் நகரில் முதல் பட்டம். இறுதிப்போட்டியில் முதல் செட் 6-6 ஆனபின் வரும் டைபிரேக்கின்போது எதிராளி விலகிக்கொண்டதால் கிடைத்தது. அந்த எதிராளி, ஜோகோவிச் என்ற 19 வயதுப் பையன். 2008-இல் ரோம் இறுதிவரை போய் அதே ஜோகோவிச்சிடம் தோற்றார், ஆனாலும் முதல் பத்து இடங்களுக்குள் வந்துவிட்டார்.

அதே ஆண்டு பெய்ஜிங். அரையிறுதியில் அமெரிக்காவின் பிரையன் சகோதரர்களையும், இறுதியில் ஸ்வீடனின் ஆஸ்பெலின், யோஹான்சன் ஜோடியையும் பெடரரோடு சேர்ந்து வீழ்த்தினார். வெற்றிக் களிப்பில் வாவ்ரிங்கா தரையில் படுத்துக்கொள்ள, பெடரர் பக்கத்தில் குந்தி, நெருப்பில் குளிர்காய்வது போல அவர்மேல் கையைக் காட்டிக் காய்ச்சிக்கொண்டார். 'பையன் தீயாய் ஆடுகிறான்' என்று அர்த்தம். பெடரருக்கு ஒலிம்பிக்கில் கிடைத்த ஒரே தங்கம் அதுதான், ஒற்றையரில் அவர் வாங்கவே இல்லை.

சரி, அதற்குப் பிறகு? 2010-இல் காசாபிளாங்கா, 2011-இல் சென்னை. 2012 முடியும்போது கையில் இருந்தது மூன்றே பட்டங்கள். தரவரிசையில் இருபதைச் சுற்றியே வட்டமிட்டுக்கொண்டிருந்தார். பெரிய வீரர்களிடம் இரண்டு செட் நன்றாக ஆடுவார், பிறகு கரைந்துவிடுவார்.

2013-இல் என்ன மாறியது?

ஒரு தோல்வி. அந்த ஆண்டு ஆஸ்திரேலிய ஓபன் நான்காம் சுற்றில் ஜோகோவிச்சோடு ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆடி, ஐந்தாவது செட்டில் 12-10 என்று தோற்றார். முதல் செட்டை 6-1 என்று அள்ளியவர் அவர்தான். இரவு ஒன்றரை மணியைத் தாண்டி முடிந்த அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு ஒன்று புரிந்தது, இவருக்கும் ஜோகோவிச்சுக்கும் இடையே இருந்த தூரம் நாம் நினைத்ததைவிடக் குறைவு.

அடுத்த மாதமே ஜெனீவாவில் டேவிஸ் கோப்பை இரட்டையர் ஆட்டம், செக் நாட்டுக்கு எதிராக. மார்கோ கியூடினெல்லியோடு சேர்ந்து ஆடினார். ஏழு மணி நேரத்துக்கும் மேல்! கடைசி செட் 24-22. அதிலும் தோல்விதான். வேறு யாராவது என்றால் நொந்துபோயிருப்பார்கள்.

ஏப்ரலில் ஸ்வீடனின் மேக்னஸ் நார்மனைப் பயிற்சியாளராகச் சேர்த்துக்கொண்டார். நார்மன் அவரே உலகின் 2-ஆம் நிலை வரை போனவர், ராபின் சோடர்லிங்கைப் பிரெஞ்சு ஓபன் இறுதிக்குக் கொண்டுபோனவர். பின்னால் நின்று வாங்கிக்கொண்டே இருந்த ஆளை, வாய்ப்புக் கிடைத்ததும் முன்னேறி அடிக்கச் சொன்னார். அந்த ஆண்டு அமெரிக்க ஓபனில் நடப்பு சாம்பியன் மர்ரேயை நேர் செட்டில் தோற்கடித்து, முதல் கிராண்ட்ஸ்லாம் அரையிறுதியை எட்டினார். அங்கே மறுபடியும் ஜோகோவிச், மறுபடியும் ஐந்து செட், மறுபடியும் தோல்வி.

இடது கையில் என்ன பச்சை குத்தியிருக்கிறார்?

ஐரிஷ் எழுத்தாளர் சாமுவேல் பெக்கெட்டின் வரிகள். முயன்று தோற்றால் பரவாயில்லை, மறுபடி முயல், மறுபடி தோற்றுப் போ, ஆனால் முன்பைவிட நன்றாகத் தோற்றுப் போ என்ற கருத்து. 2013-இல் குத்திக்கொண்டார். அந்த வருடத் தோல்விகளின் பட்டியலைப் பார்த்தால் விளக்கம் வேண்டியதில்லை. நம்பிக்கைச் சுவரொட்டிகளில் இந்த வரிகளைப் போட்டுத் தேய்த்துவிட்டார்கள். இவர் கையில் இருக்கும்போது மட்டும் எனக்குச் சலிப்பதில்லை.

2014 ஆஸ்திரேலிய ஓபன், நடாலுக்கு முதுகு பிடித்ததால்தானே கிடைத்தது?

இதைக் கேட்காத ஆளே இல்லை. பதிலை வரிசையாகச் சொல்கிறேன்.

காலிறுதியில் ஜோகோவிச். மெல்போர்னில் தொடர்ந்து 25 ஆட்டம் ஜெயித்து, மூன்று வருடமாகப் பட்டத்தைக் கையில் வைத்திருந்தவர். அதே மைதானம், முந்தைய வருடம் போலவே ஐந்தாவது செட் நீண்டுகொண்டே போனது. இந்த முறை 9-7 என்று வாவ்ரிங்கா ஜெயித்தார். அரையிறுதியில் பெர்டிச். இறுதியில் நடால்.

நடாலோடு அதுவரை 12 ஆட்டம். பன்னிரண்டிலும் தோல்வி மட்டுமல்ல, ஒரு செட்கூட எடுத்ததில்லை. 26 செட், 26-ம் நடாலுக்கு. அப்படிப்பட்டவர் முதல் செட்டை 6-3 என்று எடுத்தார். அப்போது நடால் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தார். இரண்டாவது செட் தொடக்கத்திலும் வாவ்ரிங்கா முன்னிலை பெற்ற பிறகுதான் நடால் முதுகைப் பிடித்துக்கொண்டு மருத்துவ இடைவேளை கேட்டு உள்ளே போனார். எதற்காகப் போனார் என்று நடுவரிடம் கேட்டு வாவ்ரிங்கா சண்டை போட்டார். திரும்பி வந்த நடாலைப் பார்த்து அரங்கில் கூச்சல் எழுந்தது.

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு வேடிக்கை. எதிரே நிற்பவர் சர்வீஸே போட முடியாமல் நிற்கிறார், வாவ்ரிங்காவுக்கோ கை நடுங்குகிறது. மூன்றாவது செட்டைத் தோற்றார்! அடிபட்டவரை எதிர்த்து ஆடுவது எவ்வளவு கஷ்டம் என்பதை அந்த ஒரு செட்டைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். நான்காவதில் சுதாரித்து 6-3, 6-2, 3-6, 6-3 என்று முடித்தார். வென்றபோது பெரிதாகக் கொண்டாடவும் இல்லை. நடாலைத் தட்டிக்கொடுத்துவிட்டு வந்தார்.

காயம் உண்மை, உதவியதும் உண்மை. ஆனால் ஒரே கிராண்ட்ஸ்லாமில் முதல் இரண்டு நிலை வீரர்களையும் வீழ்த்திப் பட்டம் வாங்கியவர், 1993 பிரெஞ்சு ஓபனில் செர்ஜி புருகேராவுக்குப் பிறகு இவர்தான்.

சென்னைக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

ஜனவரி முதல் வாரம், மார்கழிக் கச்சேரிகள் ஒரு பக்கம் நடந்துகொண்டிருக்கும்போது, நுங்கம்பாக்கம் டென்னிஸ் அரங்கத்தில் சென்னை ஓபன் நடந்துவந்தது. 1997 முதல் 2017 வரை, பெரும்பாலான வருடங்களில் இந்தியாவுக்கு வந்த ஒரே ஏடிபி (ஆடவர் தொழில்முறைச் சுற்று) போட்டி அதுதான். ராஃப்டர், மோயா, நடால் என்று பலர் வந்து போனார்கள். அங்கே நான்கு முறை பட்டம் வென்றவர் வாவ்ரிங்கா மட்டும்தான்.

2010-இல் இறுதிவரை வந்து சிலிச்சிடம் தோற்றார். 2011-இல் பெல்ஜியத்தின் சேவியர் மாலிஸை வென்றார். 2013-இல் பெனுவா பேரோடு சேர்ந்து இரட்டையர் பட்டம். 2014-இல் ரோஜர்-வாஸ்லின், 2015-இல் பெடேன், 2016-இல் கோரிச் என்று இறுதியில் மூன்று பேரை மூன்று வருடம் வரிசையாக வீழ்த்தினார்.

சென்னையில் ஏன் இவ்வளவு நன்றாக ஆடினார்? மெல்போர்ன் வெயிலுக்கு முன் சென்னைப் புழுக்கம் நல்ல ஒத்திகை. போட்டி சிறியது, முதல் நிலை வீரராக வந்தால் நேராக இரண்டாவது சுற்று. கூட்டமும் இவரைச் சொந்தப் பிள்ளையாக ஆக்கிக்கொண்டது. மற்ற ஊர்களில் 'பெடரரின் நண்பர்' என்று அறிமுகமானவர், இங்கே வந்து இறங்கினால் அவர்தான் கதாநாயகன். அது ஒரு வீரருக்கு ஏதாவது செய்யாமல் இருக்காது என்பது என் எண்ணம்.

இன்னொரு கணக்கும் உண்டு. 2014 தொடங்கி 2016 அமெரிக்க ஓபன் வரை அவர் ஆடிய 11 இறுதிப்போட்டிகளிலும் ஜெயித்தார். பதினொன்றில் முதலாவது, 2014 சென்னை. அடுத்தது மெல்போர்ன்.

2017-இல் அவர் பிரிஸ்பேனுக்குப் போய்விட்டார். 2018-இல் போட்டியே புனேவுக்குப் போய்விட்டது. 2022-இல் மகளிர் போட்டி ஒன்று அதே அரங்கத்துக்கு வந்தது, மகிழ்ச்சிதான். ஆடவர் போட்டி போனது போனதுதான்.

பெடரரோடு சண்டை என்கிறார்களே?

2014 நவம்பர், லண்டனில் ஏடிபி இறுதிச்சுற்றுத் தொடரின் அரையிறுதி. வாவ்ரிங்கா கையில் நான்கு மேட்ச் பாயிண்ட், அதாவது இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் வெற்றி என்ற வாய்ப்பு நான்கு முறை. நான்கையும் விட்டு, மூன்றாவது செட் டைபிரேக்கில் தோற்றார். நடுவே பெடரரின் மனைவி மிர்கா பார்வையாளர் பக்கத்திலிருந்து ஏதோ சொல்ல, வாவ்ரிங்கா எரிச்சலாகி நடுவரிடம் புகார் செய்தார். மறுநாள் முதுகுவலியால் பெடரர் இறுதிப்போட்டியில் ஆடவே இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை பிரான்ஸுக்கு எதிராக டேவிஸ் கோப்பை இறுதி. பத்திரிகைகளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

இருவரும் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொண்டார்கள். லில் நகரில் 27,000 பேருக்கு மேல் கூடிய அரங்கம், பெரும்பாலும் பிரெஞ்சுக் கூட்டம். முதல் நாள் வாவ்ரிங்கா சோங்காவை நான்கு செட்டில் அடக்கினார். பெடரர் மோன்ஃபில்ஸிடம் சுருண்டார். இரட்டையரில் இருவரும் சேர்ந்து ஜெயித்தார்கள். ஞாயிறன்று பெடரர் காஸ்கேயை வென்று கோப்பையை முடித்துவைத்தார். சுவிட்சர்லாந்து வாங்கிய முதல் டேவிஸ் கோப்பை அது. கடைசிப் பந்தை அடித்தவர் பெடரர் என்பதால் படங்களில் அவர்தான் இருப்பார். அந்த மூன்று நாளில் நன்றாக ஆடியவர் வாவ்ரிங்கா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நேருக்கு நேர் கணக்கு பெடரருக்கு 23, இவருக்கு 3. அந்த மூன்றும் களிமண் தரையில். அதில் ஒன்று 2014 மான்டி கார்லோ இறுதி, இன்னொன்று 2015 பிரெஞ்சு ஓபன் காலிறுதி.

அந்த டவுசர் கதை என்ன?

2015 பிரெஞ்சு ஓபனில் சிவப்பு, வெள்ளை, சாம்பல் கட்டம் போட்ட ஒரு அரைக்கால் சட்டையோடு வந்தார். லுங்கித் துணியில் தைத்ததோ என்று நம்மூரில் கேட்டிருப்பார்கள். இரண்டு வாரமும் கிண்டல். அதைப் போட்டுக்கொண்டே காலிறுதியில் பெடரர், அரையிறுதியில் சோங்கா, இறுதியில் ஜோகோவிச் என்று போனார்.

ஜோகோவிச்சிடம் அப்போது இல்லாத கிராண்ட்ஸ்லாம் அது ஒன்றுதான். ஒன்பது முறை சாம்பியனான நடாலைக் காலிறுதியிலேயே அனுப்பிவைத்திருந்தார். பாதை திறந்துகிடந்தது. முதல் செட்டையும் எடுத்துவிட்டார். அதன் பிறகு வாவ்ரிங்கா அடித்ததை டென்னிஸ் என்று சொல்வதா, இடி என்று சொல்வதா தெரியவில்லை. நேரடியாகப் புள்ளி பெற்ற அடிகள் 60, ஜோகோவிச்சின் கணக்கைப் போல் இரண்டு மடங்கு. ஒரு பேக்ஹேண்ட் வலைக்கு மேலேயே போகவில்லை, கம்பத்துக்கு வெளியே சுற்றிக்கொண்டு உள்ளே வந்து விழுந்தது. மேட்ச் பாயிண்டில் அடித்ததும் நேர்கோட்டு பேக்ஹேண்ட்தான். 4-6, 6-4, 6-3, 6-4.

பேட்டிக்கு வந்தபோது அந்த டவுசரை மேஜை மேல் எல்லோரும் பார்க்கும்படி தொங்கவிட்டார். பிறகு அது ரோலான் காரோஸ் அருங்காட்சியகத்துக்குப் போனது.

2016 அமெரிக்க ஓபன்?

மூன்றாம் சுற்றில் பிரிட்டனின் டான் எவன்ஸிடம் ஒரு மேட்ச் பாயிண்ட் வரை போய்த் தப்பினார். அது மட்டும் தவறியிருந்தால் இந்தப் பக்கத்தில் ஒரு பத்தி குறைந்திருக்கும். காலிறுதியில் டெல் போட்ரோ, அரையிறுதியில் நிஷிகோரி, இறுதியில் முதல் நிலை வீரர் ஜோகோவிச்.

இறுதிக்கு ஐந்து நிமிடம் முன்பு உடைமாற்றும் அறையில் நார்மனோடு பேசிக்கொண்டிருந்தபோது உடம்பு நடுங்கி அழுதுவிட்டதாக அவரே பின்பு சொன்னார். அப்படி உள்ளே போனவர் முதல் செட்டை டைபிரேக்கில் இழந்தார். பிறகு மூன்றையும் எடுத்தார். தன் சர்வீஸை முறியடிக்க ஜோகோவிச்சுக்குக் கிடைத்த 17 வாய்ப்பில் (பிரேக் பாயிண்ட்) 14-ஐக் காப்பாற்றினார். 31 வயதில் பட்டம். 1970-இல் கென் ரோஸ்வாலுக்குப் பிறகு அதுவரை அந்தப் போட்டியை வென்றவர்களில் மூத்தவர் இவராகத்தான் இருந்தார்.

மூன்று கிராண்ட்ஸ்லாமையும் அப்போதைய உலகின் முதல் நிலை வீரரை இறுதியில் வென்றுதான் வாங்கினார். 2014-இல் நடால், மற்ற இரண்டிலும் ஜோகோவிச். யாருடைய ஓய்வையோ காயத்தையோ பார்த்து இடுக்கில் நுழைந்தவர் என்று சொல்ல வழியில்லை.

புள்ளி எடுத்ததும் விரலால் நெற்றிப்பொட்டைத் தொட்டுக் காட்டுகிறாரே, ஏன்?

மனசை விடாதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வது.

விம்பிள்டன் ஏன் கிடைக்கவில்லை?

மேலே சொன்ன பெரிய வீச்சுதான் காரணம். புல்தரையில் பந்து தாழ்ந்து சறுக்கும், அவருக்கு நேரம் கிடைக்காது. 2014, 2015 இரண்டிலும் காலிறுதி வரை. 2015-இல் காஸ்கேயிடம் ஐந்தாவது செட்டில் 11-9. புல்தரைக்கென்றே 2016-இல் முன்னாள் சாம்பியன் ரிச்சர்ட் கிராய்செக்கைக்கூட அழைத்துப் பார்த்தார். பலிக்கவில்லை.

'பெரிய நால்வர்' என்பதை ஐவர் ஆக்கலாமா?

பெடரர், நடால், ஜோகோவிச், மர்ரே ஆகியோரைத்தான் அப்படிச் சொல்வார்கள். ஐந்தாவதாகத் தன்னைச் சேர்ப்பதை அவரே வேண்டாம் என்பார், பலமுறை சொல்லியும் இருக்கிறார். மர்ரேயோடு ஒப்பிடுவார்கள்: இருவருக்கும் மூன்று மூன்று கிராண்ட்ஸ்லாம். ஆனால் மர்ரேக்கு மொத்தம் 46 பட்டங்கள், முதல் நிலை, இரண்டு ஒலிம்பிக் ஒற்றையர் தங்கம். வாவ்ரிங்காவுக்கு, கிராண்ட்ஸ்லாமுக்கு அடுத்த நிலையான மாஸ்டர்ஸ் பட்டம் ஒன்றே ஒன்று, மான்டி கார்லோ. ஆஸ்திரேலிய சாம்பியனாக 2014 பிரெஞ்சு ஓபனுக்குப் போனவர், கார்சியா-லோபஸிடம் முதல் சுற்றிலேயே தோற்றார், கடைசி செட் 6-0.

ஆக, வருடம் முழுக்க எடுத்த மதிப்பெண்ணைக் கூட்டினால் மர்ரே வெகுதூரம் முன்னால். ஆனால் ஒரே ஒரு நாள், இறுதிப்போட்டி, எதிரே ஜோகோவிச், உங்கள் சார்பில் ஒருவரை அனுப்பலாம் என்றால்? நான் யோசிக்காமல் வாவ்ரிங்காவை அனுப்புவேன். ஜோகோவிச்சோடு ஆடியவற்றில் பெரும்பாலானவற்றில் தோற்றவர்தான். ஜெயித்த ஆறில் நான்கு கிராண்ட்ஸ்லாமில். சரியாக வலிக்கும் இடம்.

2017-க்குப் பிறகு காணாமல் போனது ஏன்?

இடது முழங்கால். அந்த ஆண்டு பிரெஞ்சு ஓபன் அரையிறுதியில் மர்ரேயை நாலரை மணி நேரம் போராடி வென்றார், இறுதியில் நடாலிடம் நொறுங்கினார். விம்பிள்டன் முதல் சுற்றில் அதிகம் அறியப்படாத மெத்வதேவிடம் தோல்வி. ஆகஸ்டில் முழங்காலில் அறுவைச் சிகிச்சை, அதுவும் இரண்டு முறை. 2018 ஜூனில் தரவரிசை 263! மூன்றாம் நிலையிலிருந்து ஒரே வருடத்தில்.

திரும்பி வந்தார். 2019 பிரெஞ்சு ஓபனில் சிட்சிபாஸோடு 5 மணி 9 நிமிடம் ஆடி, கடைசி செட்டை 8-6 என்று எடுத்தார். கடைசிப் பந்து, கோட்டின் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் விழுந்த ஒரு வெட்டு பேக்ஹேண்ட். அப்புறம் 2021-இல் இடது பாதத்தில் இரண்டு அறுவைச் சிகிச்சை. அதிலிருந்தும் எழுந்து வந்து, 2023-இல் முதல் பட்டம் வாங்கிய அதே உமாக்கில் இறுதிவரை போனார். 2024-இல் 39 வயதில் ஸ்டாக்ஹோம் அரையிறுதி. ஆனால் 2017 ஜெனீவாவுக்குப் பிறகு பட்டம் எதுவும் சேரவில்லை.

புதிதாகப் பார்ப்பவர் எந்த ஆட்டத்தில் தொடங்கலாம்?

எல்லோரும் 2015 பாரிஸ் இறுதியைச் சொல்வார்கள், பாருங்கள், தப்பில்லை. நான் முதலில் 2013 மெல்போர்ன் தோல்வியையும், அடுத்தே 2014 காலிறுதியையும் அடுத்தடுத்துப் பார்க்கச் சொல்வேன். அதே இருவர், அதே அரங்கம், ஒரு வருட இடைவெளி.

இப்போது?

2026-தான் தன்னுடைய கடைசி ஆண்டு என்று 2025 டிசம்பரில் அறிவித்தார். அதற்குள் நாற்பது வயதைத் தாண்டிவிட்டார். ஏன் முன்பே நிறுத்தவில்லை என்று கேட்பவர்களுக்கு, ஆடப் பிடித்திருக்கிறது என்பதைத் தவிர அவர் வேறு பெரிய காரணம் எதுவும் சொன்னதில்லை. சின்னப் போட்டிகளில், பாதி காலியான அரங்குகளில், பேரப்பிள்ளை வயது என்று கேலி செய்யத்தக்க பையன்களிடம் தோற்றுக்கொண்டும் ஆடினார். நேர்கோட்டு பேக்ஹேண்ட் மட்டும் அப்படியேதான் இருந்தது.